அல்லி வேற உலகத்துக்குப் போனா அவ பேசுற பாஷையெல்லாம் என்ன ஆகும்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கிற கதை ஆட்டம் ஆடுறவங்களுக்கு இந்தச் சிக்கல் என்னைக்காவது ஒருநாள் வந்தே தீரும். கேம்பெயின், அதாவது பல நாளா ஓடுற தொடர்கதை, பாதியில நின்னுபோயிருக்கும், கதை நடத்துற டிஎம்முக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கும், ஆனா நீங்க ஆசையா வளர்த்த கேரக்டரை விட மனசு வராது, அதே ஆளை அப்படியே தூக்கிகினு போயி வேற உலகத்துல நடக்குற கதையில சேர்த்துரலாம்னு பார்ப்பீங்க. கத்தி அதே கத்தி, உயிர் எவ்வளவு மிச்சம்னு காட்டுற ஹிட் பாயின்ட் அதே ஹிட் பாயின்ட், ஸ்பெல்லுங்கிற மந்திரமும் பெருசா மாறாது. கேரக்டர் ஷீட்டுல ஒரு மூலையில தெரிஞ்ச மொழிகள்னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, அங்கதான் வண்டி நிக்கும். ஏன்னா அந்தக் கட்டத்துல இருக்கிறது உங்க ஆளோட திறமை மட்டும் இல்ல, அந்த உலகத்தோட சரித்திரமும் அதுக்குள்ள இருக்கு.

புதுசா வர்றவங்களுக்கு மட்டும் ரெண்டு வரி. 1974ல அமெரிக்காவுல வந்த ஆட்டம் இது, ஒருத்தர் கதை நடத்துவார், அவர்தான் டிஎம், மத்தவங்க ஆளுக்கு ஒரு கேரக்டர் எடுத்துகினு டைஸ் உருட்டி ஆடுவாங்க. ஆட்டத்தோட ரூல் ஒண்ணுதான், ஆனா கதை நடக்குற உலகம் நிறைய, அதைத்தான் செட்டிங்னு சொல்றோம். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் 1987ல வந்துச்சு, டார்க் சன் 1991, எபரான் 2004. இதுபோக அவங்கவங்க சொந்தமா கட்டுற உலகம் வேற. 2014 ரூல் புக்குல பதினாறு மொழி இருக்கு, எட்டு சாதாரணமா எல்லா இடத்துலயும் கேக்குறது, எட்டு அபூர்வமானது, அதுக்கு மேல திருடங்களுக்கு ஒரு ரகசிய பாஷையும் ட்ரூயிட்ங்கிற காட்டுப் பூசாரிங்களுக்கு ஒண்ணும் தனியா உண்டு.

இப்ப ஒரு ஆளை வெச்சிப் பேசுவோம், இல்லன்னா எல்லாம் காத்துல போயிரும். பேரு அல்லி. ஹாஃப் எல்ஃப், அதாவது பாதி மனுஷி பாதி எல்ஃப் இனம், ரோக் கிளாஸ், அதாவது திருட்டும் ஒளிவு மறைவும் தொழில், அகோலைட் பேக்கிரவுண்டு, அதாவது கோயில்ல வளர்ந்த பின்னணி. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்ல வாட்டர்டீப்னு ஒரு பெரிய துறைமுக ஊர் இருக்கு, அங்க ஒரு கோயில்ல அனாதையா வளர்ந்தவ. ஹாஃப் எல்ஃப்ங்கிறதால காமன்ங்கிற பொதுப் பாஷையும் எல்ஃப்ங்க பேசுற எல்விஷும் வந்துரும், கூட விருப்பப்பட்ட ஒண்ணு எடுத்துக்கலாம், அதுல ஓர்க் பாஷை எடுத்தா, கோயிலுக்கு சரக்கு கொண்டு வர்ற வண்டிக்கு காவலா வந்த ஓர்க் இனத்துக்காரன் ஒருத்தன்கிட்ட கத்துக்கிட்டதா கதை. அகோலைட்டுக்கு ரெண்டு மொழி, தேவலோகத்துப் பாஷையான செலஸ்டியல் ஒண்ணு, அது ஸ்தோத்திரம் படிச்சுப் படிச்சு வந்தது, இன்னொண்ணு காப்ளின், கோயில் அடுப்படியில வேலை செஞ்ச காப்ளின் இனத்துக்காரங்க பேசுறதைக் கேட்டு ஒட்டிக்கிச்சு. ரோக் ஆனதால திருடங்களோட ரகசிய பாஷையான தீவ்ஸ் கேன்ட். ஆக மொத்தம் ஆறு.

இந்த ஆறையும் புது உலகத்துக்கு எடுத்துகினு போகணும்னா முதல்ல ஒரு விஷயத்தை டிஎம்கிட்ட தீர்த்துக்கணும். அல்லி நிஜமாவே ஒரு மாய வாசல் வழியா இந்த உலகத்துலேந்து அந்த உலகத்துக்குப் போறாளா, இல்ல அவ புது உலகத்துலயே பொறந்து வளர்ந்தவன்னு மறுபடியும் எழுதப் போறோமா? ரெண்டும் வேற வேற வேலை. வாசல் வழியா போறவ ஆறு பாஷையையும் மூட்டை கட்டிகினு போவா, ஆனா அங்க அது எவனுக்காவது புரியுமான்னு பார்க்கணும். அங்கேயே பொறந்தவன்னா அந்த ஆறும் எங்கேந்து வந்துச்சுன்னு கதையை முதல்லேந்து மாத்திக் கட்டணும். நம்ம ஆளுங்க பாதிப்பேர் இதைத் தீர்க்காமலே ஆரம்பிச்சிட்டு மூணாவது செஷன்ல, அதாவது மூணாவது தடவை உக்காந்து ஆடும்போது, வந்து சண்டை போடுவாங்க.

பெரும்பாலும் நடக்குறது ரெண்டாவதுதான், அதனால அதையே கொஞ்சம் விரிவாப் பார்ப்போம்.

எல்லாரும் செய்யறது என்னன்னா, பழைய லிஸ்ட்டுல இருக்குற பேரை புது உலகத்து லிஸ்ட்டுல தேடுவாங்க. எல்விஷ் இருக்கா, இருக்கு, டிக். காப்ளின் இருக்கா, இருக்கு, டிக். ஓர்க் இல்லையா, சரி அதுக்குப் பதிலா எதையாவது போடு. எனக்கு இந்த டிக் அடிக்கிற முறை பிடிக்கவே பிடிக்காது. பேரு ஒண்ணா இருந்தாலும் அந்த பாஷைக்கு அந்த ஊர்ல இருக்குற வேலை வேறயா இருக்கும். நான் பார்க்கச் சொல்றது பேரை இல்ல, வேலையை. இந்த பாஷையை இவ யார்கிட்ட கத்துக்கிட்டா, யார்கூட பேச உதவுது, எந்தக் கதவைத் தொறக்குது? இதைக் கண்டுபிடிச்சிட்டு, புது உலகத்துல அதே வேலையைப் பார்க்குற பாஷை எதுன்னு தேடணும்.

பாண்டிச்சேரிக்காரங்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்கவே தேவையில்ல. இங்க ஃபிரெஞ்சு தெரிஞ்ச பெரியவர் ஒருத்தருக்கு கான்சுலேட்ல மரியாதை, பென்ஷன் பேப்பர்ல வேலை, மகன் பாரீஸ்ல இருந்தா பேரப்புள்ளைங்களோட பேச அதுதான் வழி. அதே பெரியவர் பஸ் ஏறி முள்ளோடை தாண்டி கடலூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போனாருன்னா அந்த ஃபிரெஞ்சு பாக்கெட்டுக்குள்ளயே கிடக்கும். இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், பாஷை அதேதான், ஆளும் அதே ஆளுதான், அதோட வேலை மட்டும் போயிடுச்சு. 1740கள்ல இன்னும் மோசம், இங்க ஃபிரெஞ்சுக்காரன் கோட்டை, அங்க தேவனாம்பட்டினத்துல இங்கிலீஷ்காரன் கோட்டை, அந்த நேரத்துல கடலூர்ப் பக்கம் சரளமா ஃபிரெஞ்சு பேசுனா உளவாளின்னு பிடிச்சிருப்பானுங்க.

சரி, அல்லியை இப்ப எபரானுக்குக் கொண்டு போவோம். அங்க காமன் ஏன் எல்லாருக்கும் தெரியும்னா, கோர்வேர் கண்டத்துல இருந்த ஐஞ்சு நாடும் ஒரு காலத்துல காலிஃபார்ங்கிற ஒரே ராஜ்ஜியம், பெரிய சண்டையில உடைஞ்சது. அதனால காமன் அங்க வியாபாரிங்க பேசுற பொதுப் பாஷை மட்டும் இல்ல, உடைஞ்சுபோன ஒரு ராஜ்ஜியத்தோட மிச்சம். அல்லி எந்த நாட்டுக்காரி, அவ பேச்சுல எந்த ஊர் வாடை அடிக்குதுன்னு டிஎம் கேப்பார், சண்டை முடிஞ்சு ரொம்ப நாள் ஆகல, எதிரி நாட்டு உச்சரிப்பு வந்தா சத்திரத்துல இடம் கிடைக்காது.

நிஜமான மாற்றம் காப்ளின்லதான். வாட்டர்டீப்ல அது அடுப்படி பாஷை, யாரும் மதிக்காத பாஷை. எபரான்ல மனுஷங்க வந்து இறங்குறதுக்கு ரொம்ப முன்னாடியே தாக்கான்னு ஒரு காப்ளின் சாம்ராஜ்ஜியம் அந்தக் கண்டத்தையே ஆண்டிருக்கு. ஷார்ன்னு வானத்தைத் தொடுற கோபுரங்களோட ஒரு நகரம் இருக்கே, அதுவே பழைய காப்ளின் ஊரோட இடிபாட்டு மேலதான் நிக்குது. அப்ப அல்லிக்கு காப்ளின் தெரியும்னா அதோட அர்த்தம் என்ன? கீழ்த்தட்டுல வேலை செய்யற காப்ளின்ங்களோட பேசலாம்கிறது ஒண்ணு, நகரத்துக்கு அடியில சுரங்கத்துல இருக்குற கல்வெட்டைக் கஷ்டப்பட்டு எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்கிறது இன்னொண்ணு. ஒரே பாஷை, ஒரு முனையில பாத்திரம் கழுவுது, இன்னொரு முனையில ராஜ சாசனம் படிக்குது. நான் டிஎம்மா இருந்தா இந்த ஒரு வரியை வெச்சே நாலு செஷன் ஓட்டுவேன்.

ஓர்க் பாஷை எபரான்ல கொஞ்சம் இடம் மாறும். ஷேடோ மார்ச்சஸ்னு சதுப்பு நிலம், அங்க ஓர்க்கும் மனுஷங்களும் கலந்து வாழுறாங்க, கேட்கீப்பர்ஸ்னு பழைய ட்ரூயிட் மரபு ஒண்ணு அங்க உண்டு. வண்டிக் காவலன்கிட்ட கத்துக்கிட்டாங்கிற பழைய கதையை லேசா மாத்தி, சதுப்பு நிலத்துலேந்து பொழைக்க வந்தவன்கிட்ட கத்துக்கிட்டான்னு வெச்சா போதும், அவன் ஒரு ட்ரூயிட் ரகசியத்தை விட்டு ஓடி வந்தவனாவும் இருக்கலாம், அது டிஎம் இஷ்டம். எல்விஷும் செலஸ்டியலும் பெரிய தொந்தரவு இல்லாம உக்காந்துரும், அதை விட்டுறலாம்.

டார்க் சன்னுக்குக் கொண்டு போனா நிலைமையே வேற. ஆத்தாஸ்னு காஞ்சு வறண்ட உலகம். அங்க ஓர்க் கிடையாது, காப்ளின் கிடையாது, சரித்திரத்துல அந்த இனங்களையே அழிச்சிட்டாங்க. கும்பிடுறதுக்கு கடவுளும் இல்ல, பூசாரிங்க நெருப்பு, தண்ணி மாதிரி பூதங்கள்கிட்டேந்து சக்தி வாங்குறவங்க, அப்ப செலஸ்டியல் யார்கிட்ட பேச? ஆறுல மூணு ஒரே அடியில காலி. மிச்சத்துல எல்விஷ் தப்பிக்குது, ஆனா அங்க எல்ஃப்னா காட்டுல பாட்டுப் பாடுற ஆளுங்க கிடையாது, பாலைவனத்துல ஓடிக்கிட்டே இருக்குற கூட்டம், சந்தையில அவங்க கூட பேரம் பேசும்போது ஜனங்க மடியை ஒரு கையால பிடிச்சிக்குவாங்க. அல்லி எல்விஷ் பேசுனா யாரும் ஆஹான்னு பார்க்க மாட்டாங்க, பர்ஸைத் தேடுவாங்க.

காலியான மூணுக்கும் என்ன போடறது? மூணு பழைய பேரை எடுத்துட்டு மூணு புதுப் பேரை ஒட்டுறது சுலபம், ஆனா அதுக்கு முன்னாடி இந்த மூணும் அல்லிக்கு என்ன செஞ்சுச்சுன்னு பாருங்க. ஓர்க்கும் காப்ளினும் அவளுக்குக் குடுத்தது, ஊர் ஒதுக்கி வெச்ச ஆளுங்களோட சமமா உக்காந்து பேசுற வசதி. ஆத்தாஸ்ல அந்த இடத்துல யார் இருக்கா? த்ரீ கிரீன்னு பூச்சி மாதிரி இனம் ஒண்ணு பாலைவனத்துல அலையுது, அவங்க பேச்சு க்ளிக் க்ளிக்னு கேக்கும், மனுஷ வாய்க்கு அதை முழுசா சொல்றதே பாடு, அதைப் புரிஞ்சிக்கத் தெரிஞ்ச ரோக்குன்னா கூட்டத்துல அவளுக்கு ஒரு தனி மதிப்பு. இன்னொண்ணுக்கு, மலைக்காட்டுல இருக்குற ஹாஃப்லிங்ங்கிற குட்டி ஆளுங்க பாஷை. செலஸ்டியலுக்கு நான் வேற பாஷையே குடுக்க மாட்டேன். அதுக்குப் பதிலா படிக்கத் தெரியும்னு குடுப்பேன்.

ஏன்னா ஆத்தாஸ் நகரங்கள்ல சாதாரண ஜனங்க எழுதப் படிக்கக் கத்துக்கக் கூடாது, பெரிய குடும்பத்துக்காரங்களுக்கும் ராஜாவோட டெம்ப்லர் அதிகாரிங்களுக்கும் மட்டும்தான் அந்த உரிமை. மந்திரவாதிங்க பயந்துபோயி மந்திரத்தையே கயித்து முடிச்சா போட்டு ஒளிச்சு வெச்சிக்குவாங்க. அங்க ஒரு தெருப் பொண்ணுக்கு எழுத்து தெரியும்னா அது செலஸ்டியலை விடப் பெரிய ரகசியம், வெளியில தெரிஞ்சா தலை போகும். வாட்டர்டீப் கோயில்ல ஸ்தோத்திரம் படிச்சு வந்த அறிவு இங்க ஒரு டெம்ப்லர் வீட்டுல ஓலையைத் திருட்டுத்தனமா பார்த்து வந்ததா மாறுது. வேலை ஒண்ணுதான், தன்னை விடப் பெரியவங்களோட எழுத்தை எட்டிப் பார்க்கிறது.

எழுத்துன்னு சொன்னதும் இதையும் சொல்லிடறேன், பாஷை வேற எழுத்து வேற, இதை எல்லாரும் மறந்துடுறாங்க. 2014 ரூல்ல காப்ளினுக்கும் ஓர்க்குக்கும் சொந்த எழுத்து கிடையாது, ட்வார்ஃப்ங்கிற குள்ள இனத்தோட ட்வார்விஷ் எழுத்துலதான் எழுதுவாங்க, ஜெயன்ட், நோமிஷ்ங்கிற பாஷைங்களுக்கும் அதே எழுத்துதான். அப்ப அல்லி ஒரு ட்வார்ஃப் கல்லறை முன்னாடி நின்னா அதுல இருக்குற பேரை வாய்விட்டுப் படிப்பா, அர்த்தம்தான் புரியாது. நம்ம ஊர்லயே பாருங்க, இங்கிலீஷ் எழுத்து தெரிஞ்சவங்க ஒயிட் டவுன் தெரு போர்டைப் பார்த்து டூமாஸ்னு படிப்பாங்க, ஃபிரெஞ்சுக்காரன் கடைசி எழுத்தை முழுங்கிட்டு துய்மான்னு சொல்லுவான். கடற்கரைகிட்ட இருக்குற ஃபிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்ல ஓலைச்சுவடி ஆயிரக்கணக்குல இருக்கு, அதுல பெரும்பாலானது சமஸ்கிருதம், ஆனா எழுதியிருக்கிறது கிரந்த எழுத்துல, வடநாட்டுல நாகரி எழுத்துல மட்டும் சமஸ்கிருதம் படிச்ச பண்டிதர் வந்தாலும் முதல்ல முழிக்கத்தான் செய்வார். உலகம் மாத்தும்போது எந்த பாஷைக்கு எந்த எழுத்துன்னு டிஎம்கிட்ட ஒரு தடவை கேட்டு வெச்சிக்கிட்டா, பின்னாடி ஒரு புதிர் வரும்போது அது உங்களுக்கு சாதகமா வேலை செய்யும்.

இனிமே சொந்த உலகம். எங்க டேபிள்ல ஒருத்தர் 1740கள் பாண்டிச்சேரி, கடலூர் சாயல்ல ஒரு கடலோர உலகம் கட்டிகினு இருக்கார், பேரெல்லாம் கற்பனை, அடியில இருக்குற சரித்திரம் நிஜம். நிஜத்துல அந்தக் காலத்து நம்ம கரையில எத்தனை பாஷை ஓடிச்சுன்னு பார்த்தா தலை சுத்தும். துறைமுகத்துல உடைஞ்ச போர்த்துகீசு, ஆற்காடு நவாப்புக்கு கடிதம்னா பாரசீகம், தஞ்சாவூர் அரண்மனையில மராத்தி, வியாபாரிங்கள்ல பலருக்கு வீட்டுல தெலுங்கு, கோட்டைக்குள்ள ஃபிரெஞ்சு, தெருவுல தமிழ், பூசைக்கு ஒரு பாஷை. ஆனந்தரங்கப் பிள்ளை 1736லேந்து 1761 வரைக்கும் எழுதின டைரி தமிழ்ல இருக்கு, ஆனா அவர் தொழில் துபாஷி, நாள் முழுக்க வேற வேற பாஷைக்காரங்களுக்கு நடுவுல நின்னவர். கவர்னர் டூப்ளேவோட மனைவி ழான், பாண்டிச்சேரியிலயே பொறந்தவங்க, கலப்பு வம்சம், தமிழ் தெரிஞ்சவங்க, ஊர் அவங்களை பேகம்னே கூப்பிட்டுச்சு. ஹாஃப் எல்ஃப்னா இந்த உலகத்துல யார்னு இதுக்கு மேல யோசிக்கணுமா?

இங்க அல்லியோட ஆறை அடுக்குனா இப்படி வரும். காமன் ரெண்டா உடையும், துறைமுகத்துக்கு ஒண்ணு, தெருவுக்கு ஒண்ணு, ரெண்டையும் கணக்குல ஒண்ணாவே வெச்சு அவளுக்கு இலவசமா குடுத்துருவேன், ஏன்னா காமன் இல்லாம ஆட்டமே நகராது. எல்விஷ் இடத்துல கோட்டைக்காரங்க பாஷை, அப்பன் விட்டுட்டுப் போனது, பேசுனா கோட்டை வாசல்ல காவக்காரன் கொஞ்சம் நிமிர்ந்து நிப்பான். செலஸ்டியல் இடத்துல கோயில் பாஷை, மனப்பாடமா வரும், அர்த்தம் பாதி தெரியாது. காப்ளின் இடத்துல இப்ப ஆளாத, ஆனா ஒரு காலத்துல ஆண்ட பழைய வம்சத்தோட பாஷை, அதைப் பேசுறவங்க இன்னைக்கு கூலி வேலையில இருக்காங்க. ஓர்க் இடத்துல உள்நாட்டுலேந்து வர்ற வண்டிக்காரங்க பேச்சு.

இந்த இடத்துலதான் நான் கையைப் பிடிச்சு நிறுத்துவேன். ஓர்க், காப்ளின் இடத்துல நம்ம ஊர்ல நிஜமா வாழுற ஒரு சமூகத்தோட பாஷையைத் தூக்கி வெச்சிடாதீங்க. நரிக்குறவர்ங்க பேசுற வாக்ரிபோலியைக் கொண்டு போயி காப்ளின் பாஷைன்னு ஒரு பையன் சொன்னான், கேக்க ஜாலியாத்தான் இருந்துச்சு அவனுக்கு. ரூல் புக்குல அந்த இனங்களை ரொம்ப வருஷமா அரக்கனாவே காட்டிகினு வந்திருக்காங்க, அந்த அழுக்கோட சேர்த்து ஒரு நிஜ ஜனத்து மேல ஒட்டிடும். வேலையை மட்டும் எடுங்க, இனத்தை எடுக்காதீங்க. பேருக்கு நாலு எழுத்து கற்பனையா வெச்சா யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல.

தீவ்ஸ் கேன்ட் பத்தி தனியா. இது பாஷைன்னு லிஸ்ட்டுல இருந்தாலும் நிஜத்துல பாஷை இல்ல, சாதாரணப் பேச்சுக்குள்ள ஒளிச்சு வைக்கிற சேதி, ரூல்படி நேரா சொல்றதை விட நாலு மடங்கு நேரம் எடுக்கும். இது எந்த உலகத்துக்கும் போகும், ஆனா அந்த ஊர் தொழிலைப் பொறுத்து உருவம் மாறும். மாட்டுச் சந்தையில தரகருங்க துண்டுக்கு அடியில கையை விட்டு விரலைப் பிடிச்சே விலை பேசி முடிப்பாங்க, சுத்தி நிக்கிற நூறு பேருக்கு ஒண்ணும் தெரியாது. கடலோர உலகத்துல அல்லிக்கு அதைத்தான் வெச்சோம். படிக்கத் தடை இருக்குற ஆத்தாஸ்ல சுவத்துல குறி கீறுறதை விட இது ரொம்பப் பொருந்தும்.

இப்ப முதல்ல தள்ளி வெச்ச கேஸ், மாய வாசல் வழியா போறவ. இவளுக்கு எதையும் மாத்தாதீங்க. அவ பேசுற எல்விஷ் அங்க இருக்குற எல்விஷோட ஒத்துப்போகுமான்னு டிஎம் முடிவு பண்ணட்டும். ஒரே மூலத்துலேந்து வந்ததுன்னு வெச்சா, தமிழ்க்காரன் மாஹேயில போயி மலையாளத்தைக் கேக்குற மாதிரி பாதி பிடிபடும் பாதி நழுவும், இல்லன்னா சுத்தமா புரியாது. புரியலன்னா ரூல்லயே வழி இருக்கு, 2014 புக்குப்படி ஆள் வெச்சு ஒரு பாஷை கத்துக்க 250 நாள், நாளுக்கு ஒரு தங்கக் காசு. கூட்டத்துல விசார்டுங்கிற மந்திரவாதி இருந்தா காம்ப்ரிஹென்ட் லேங்குவேஜஸ்னு முதல் லெவல் ஸ்பெல் ஒண்ணு, ஒரு மணி நேரம் எல்லாம் புரியும், ஆனா திருப்பிப் பேச வராது. டங்ஸ்னு மூணாம் லெவல்ல ஒண்ணு இருக்கு, அதுல பேசவும் வரும். முதல் ரெண்டு மூணு செஷன் அல்லி சைகையிலயே ஓட்டட்டும், அதைச் சட்டுனு ஸ்பெல் போட்டுத் தீர்த்துட்டா அவ வெளியூர்க்காரிங்கிறதே யாருக்கும் ஞாபகம் இருக்காது.

2024 ரூல் புக்கு எடுத்து ஆடுறவங்களுக்கு வேலை கொஞ்சம் கம்மி, அதுல மொழி இனத்தோடயும் பேக்கிரவுண்டோடயும் ஒட்டி வர்றதில்ல, எல்லாருக்கும் காமன், கூட விருப்பப்பட்ட ரெண்டு. சைகை மொழியும் லிஸ்ட்டுல சேர்ந்திருக்கு, நல்ல விஷயம். ஆனா எல்ஃபா பொறந்ததால எல்விஷ் வந்துச்சுங்கிற சுலபமான காரணம் போயிடுச்சு, ஏன் இந்த ரெண்டுன்னு நீங்கதான் சொல்லியாகணும்.

டிஎம்கிட்ட குடுக்கும்போது பேரை மட்டும் வரிசையா எழுதிக் குடுக்காதீங்க. ஒவ்வொரு பாஷைக்கும் ஒரு வரி போதும்: "பழைய வம்சத்து பாஷை, அடுப்படியில கத்துக்கிட்டா, பேச வரும், கல்வெட்டுன்னா எழுத்துக்கூட்டுவா, கெட்ட வார்த்தை நிறையத் தெரியும்." எத்தனை பாஷைங்கிற கணக்கு மட்டும் பழசுல இருந்ததை விடக் கூடாம குறையாம பார்த்துக்கங்க, இல்லன்னா பக்கத்துல உக்காந்திருக்குறவன் அவன் ஷீட்டையும் தூக்கிகினு வந்து எனக்கும் ரெண்டு சேர்த்துக் குடுன்னு நிப்பான்.